அடுப்பிலிருந்து அளந்தவர், குழல் முனையிலிருந்து அளந்தவருக்கு

திடல்தோறும் தீயைத் திட்டமிட்டு நிறுத்திய திறமே! தணலுக்கும் மக்களுக்கும் நடுவே தளராது நின்ற தாயுள்ளமே! கண்ணாடி ஊதுவோரின் கண்கண்ட துணையே! விண்ணப்பம் எதுவாயினும் விரல் வைத்துப் படித்து, வேண்டாததை வெட்டி, விடுபட்டதை விடாமல் கேட்டு வாங்கிய விழிப்பே! திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் இப்பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் அமர்ந்து, அவற்றுள் பதினோராண்டுகள் அனுமதி அலுவலராய் ஆண்டு, இன்று மாலையோடு எழுந்து செல்லும் அம்மையே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இம்மடலை எழுதிப் படிக்கும் பொறுப்பு உங்கள் துணை அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாராட்டு மடலில் 'நான்' என்று எழுதுவது நம் அலுவலக வழக்கம் அன்று. ஆகவே அவர் தம்மைத் துணை அலுவலர் என்றே குறித்துக்கொள்கிறார். நீங்கள் வேலையில் சேர்ந்த அதே நாளில், உங்களுக்குக் கால்மணி நேரம் முன்னதாகவே வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அவர். அந்தக் கால்மணி நேரத்தை இன்றுவரை ஒருவரும் மதிக்கவில்லை என்பதைப் பணிவோடு இங்கே பதிவு செய்கிறார்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இவ்விழாவின் முடிவில், உங்கள் இடத்தில் துணை அலுவலரை அமர்த்தும் ஆணையை இயக்குநர் வழங்கவிருக்கிறார். உறை அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது முன்வரிசைக்குத் தெரியும். பரிந்துரையில் எழுதிய முதல் காரணம், மூன்று ஆண்டுகளுக்குமுன் ஆற்றங்கரைத் திடலில் நடந்த கண்ணாடி ஊதும் காட்சி. அன்று துணை அலுவலர் காட்டிய முன்யோசனையால் ஓர் உயிர் பிழைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. அதைப் பற்றித் துணை அலுவலர் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

அருங்குண நிதியமே! அதற்கு முன் உங்கள் குணங்களைப் பாட வேண்டும். பாடுவார், ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் பாடுவார். அறையில் இரண்டு மேசைகள். விண்ணப்பத்தோடு வருகிறவர் உங்கள் மேசைமுன் ஆறு பேர் நிற்பதைப் பார்ப்பார், துணை அலுவலர் மேசைமுன் ஈ கூட இல்லாததையும் பார்ப்பார். "வாங்க, இங்க குடுங்க" என்று துணை அலுவலர் அழைத்தால், "பரவால்ல சார், அம்மாகிட்டயே காட்டிக்கிறேன்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். நீங்கள் முடியாது என்று திருப்பி அனுப்பியவர் கைகூப்பி நன்றி சொல்லிப் போவார். துணை அலுவலர் சரி என்று கையெழுத்திட்டு அனுப்பியவர் முணுமுணுத்துக்கொண்டே போவார். கூட்டத்தைப் பார்த்து நீங்கள் ஓயாமல் சொல்லும் வார்த்தையால் உங்களுக்குத் 'தள்ளிநில் அம்மா' என்று பெயர். அளவு நாடாவை இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு திரிவதால் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். முந்தையதைச் சொல்லும்போது ஜனங்கள் சிரிக்கிறார்கள். பிந்தையதைச் சொல்லும்போதும் சிரிக்கிறார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு.

கண்ணாடி ஊதும் காட்சிக்கான பதினான்கு பக்க விதித்தொகுப்பை எழுதியவர் துணை அலுவலர். எரிவாயு உருளை நிமிர்ந்து நிற்க வேண்டும், சங்கிலியால் கட்டியிருக்க வேண்டும். தீயணைப்பான் இரண்டு, மணல் வாளி இரண்டு, எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்று வலுத்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றேயாதலால் கீழே விழுந்த துண்டை ஒருவரும் கையால் தொடலாகாது. ஒவ்வொரு வரியும் அவர் உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியது. ஊதுகிறவர்கள் வந்து கேட்பதோ, "அந்த அம்மா புக்கு ஒண்ணு இருக்கா சார்?" காதில் புகை வராமல் என்ன செய்யும்?

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. அவர் மனைவி ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "உக்காந்தா அந்தம்மா பேச்சு, எந்திரிச்சா அந்தம்மா பேச்சு. எங்க அத்தைகூட என்னைப் பத்தி இவ்ளோ பேசினதில்ல. அப்படி என்னதான் பண்ணிட்டாங்க அவங்க?" நீங்கள் துணை அலுவலருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதுதான் அவருடைய பெரிய மனக்குறை.

செயல்முறைச் செம்மலே! உங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காட்சிக்கு முந்தைய நாள், அடுப்பு பற்றவைக்கும் முன்பே, ஊதுகிறவரைத் திடலில் நிறுத்தி, வெறும் இரும்புக் குழலோடு முழுக் காட்சியையும் நடித்துக் காட்டச் சொல்வீர்கள். அவர் எரியாத அடுப்பில் இல்லாத கண்ணாடியை எடுப்பார், திரும்புவார், நடப்பார், கண்ணாடி நீள்வதற்காகக் குழலை ஊஞ்சல்போல வீசுவார். நீங்கள் கையில் சுண்ணாம்புப் பொடியோடு பின்னாலேயே நடந்து, குழல் முனை போய்ச் சேரும் கடைசி இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைப்பீர்கள். அந்தப் புள்ளிகளிலிருந்து பத்தடி தள்ளித்தான் கூட்டத்தைத் தடுக்கும் உங்கள் கயிறு. துணை அலுவலர் இதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, "அனுமதி குடுக்கப் போனாங்களா, டான்ஸ் கிளாஸ் நடத்தப் போனாங்களா?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னது உண்டு. விதித்தொகுப்பில் அவர் எழுதியது ஒரே வரி: கயிறு அடுப்பிலிருந்து பத்தடி. சுருக்கமாக, சுத்தமாக, நாடாவால் அளக்க வசதியாக இருந்தது.

ஆற்றங்கரைக் காட்சி வந்தபோது, உங்கள் அக்காவைக் கண் அறுவைக்கு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு இரண்டு நாள் விடுப்பில் இருந்தீர்கள். துணை அலுவலருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். முதல் நாளே போய் அடுப்பிலிருந்து பத்தடி அளந்தார், முளை அடித்தார், கயிறு கட்டச் சொன்னார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு மறைக்கக்கூடாது என்று கயிற்றை ஒட்டியே முன்வரிசையில் இடம் ஒதுக்கினார். அந்த யோசனை உங்களுக்கே வந்திருக்காது என்று அவருக்கு ஒரே பெருமை. அனுமதியில் கையெழுத்திட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர் திடலுக்குப் போனபோது காட்சி தொடங்கிவிட்டது. கயிறு அவர் கட்டிய இடத்தில் இல்லை. ஒன்பது அடி பின்னால் இருந்தது. கயிறு கட்டிய ஆட்களின் அலட்சியம் என்று அவருக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு அதட்டல் போடலாம் என்று நடந்தவர் பாதி வழியிலேயே நின்றார். ஊதுகிறவர் குழலை வீசி ஆட்டியபோது, முனையில் செவ்வொளியாய் நீண்டிருந்த கண்ணாடி அறுந்து பறந்தது. அது விழுந்த இடம், துணை அலுவலர் முந்தைய நாள் முளை அடித்த குழிக்கு இரண்டடி அப்பால். அங்கே புல் கருகிப் புகைந்தது. அவர் கயிறு அங்கே இருந்திருந்தால், முதல் சக்கர நாற்காலி நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். அதில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஒன்பது அடி பின்னால் இருந்து, கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார்.

இயக்குநர் ஓடிவந்து துணை அலுவலரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விதியில இருக்கிறதுக்கு மேலயே எடம் விட்டீங்க பாருங்க, அதுக்குப் பேருதான் அனுபவம்!" என்றார். அந்த நொடியில் துணை அலுவலர் சொல்ல வேண்டிய வார்த்தை, 'அது நான் கட்டிய கயிறு இல்லை' என்பது. அவர் சொன்னது, "எல்லாம் ஒரு முன்யோசனைதான் சார்." சான்றிதழ் வந்தது. வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டினார். விதித்தொகுப்பு மெச்சப்பட்டு மற்ற ஊர் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டது. நீங்கள் விடுப்பு முடிந்து வந்து, "நல்லபடியா முடிஞ்சுதாமே, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். உங்களையும் ஒருநாள் ஜெயித்தோம் என்று அவர் அன்று இரண்டு காபி குடித்தார். கயிறு தானாக நகர்ந்த அதிர்ஷ்டத்தை அவர் ஆராயவில்லை. ஆராய்ந்தால் அது கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கே தெரியும்.

சென்ற வாரம் இம்மடலுக்குத் தகவல் திரட்டப் பழைய கோப்புகளைப் புரட்டினார். ஆற்றங்கரைக் கோப்பின் கடைசித் தாளில், வலப்பக்கம் சாய்ந்த உங்கள் கையெழுத்தில், காட்சி நாளின் காலைத் தேதியிட்டு ஒரு குறிப்பு: 'துணை அலுவலர் கூறியபடி, கயிறு ஒன்பது அடி தள்ளிக் கட்டப்பட்டது.' அவர் அப்படி எதுவும் கூறவில்லை. அன்று மாலையே கண்ணாடி ஊதுகிறவரின் பட்டறைக்குப் போனார்.

"நான்தான் சார் அம்மாவுக்குப் போன் பண்ணேன்," என்றார் ஊதுகிறவர். "நீங்க அடுப்புலேர்ந்து அளந்தீங்க. நான் என்ன அடுப்புக்குள்ளயா நிக்கிறேன்? அங்கேர்ந்து நாலடி தள்ளி நிக்கிறேன், கையில அஞ்சடிக் குழல் இருக்கு. வீசினா முனை கயித்து மேலயே வந்துடுமே!"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தேன் சார். 'விதியில இருக்கு'ன்னுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வந்தாங்க. என்னை வெறுங்குழலோட ஆட விட்டு, புள்ளி வெச்சு, கயித்தை மாத்திக் கட்டிட்டு, 'அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

வாய்மையின் வடிவே! இருபத்தொன்பது ஆண்டுகளில் நீங்கள் கோப்பில் எழுதிய ஒரே பொய் அது. அந்த ஒன்றும் துணை அலுவலரின் மானத்தைக் காப்பாற்ற எழுதியது. இடம் மாறியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'அனுமதி அலுவலரின் அளவு தவறு' என்று சிவப்பு மையில் எழுதி, மூன்று நகல் எடுத்திருப்பார். உங்கள் வரிசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், உங்கள் பெயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். இந்தக் குறிப்பைப் படித்தபோது பட்ட பொறாமைக்கு முன் அவை ஒன்றுமே இல்லை. தமக்கு இப்படி ஒரு மனம் வாய்க்கவில்லையே என்று அன்று அவர் அழுதார். பட்டறையிலிருந்து வீடு வரும் பாதை முழுவதும் அழுதார்.

இம்மடலின் படியைத் தட்டச்சு செய்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "சார், இது பாராட்டு மடலா, வாக்குமூலமா? ஆணை கைக்கு வந்த பிறகு படிச்சா ஆகாதா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆகாது. அடுப்பிலிருந்து பத்தடி என்ற வரி இப்போது எத்தனையோ ஊர்களின் மேசைகளில் இருக்கிறது. அங்கெல்லாம் அதை நம்பி முளை அடிக்கிறார்கள். விடுப்பு நாளில் வந்து கயிற்றைத் தள்ளிக் கட்ட அங்கே நீங்கள் இல்லை. நாளை முதல் இங்கேயும் இல்லை.

ஆகவே, அவையோரே, மதிப்பிற்குரிய இயக்குநரே! ஆற்றங்கரைத் திடலில் கயிறு கட்டியவர் இந்த அம்மையார். தவறாக அளந்தவர், அதற்குப் பாராட்டை வாங்கிக்கொண்டவர், இதை இப்போது படித்துக்கொண்டிருப்பவர். 'வெறுங்குழல் ஒத்திகை கட்டாயம். பத்தடி என்பது குழல் முனை எட்டும் கடைசிப் புள்ளியிலிருந்து' என்று திருத்திய தாள் இதோ மேசைமேல் இருக்கிறது. எல்லா ஊர்களுக்கும் போக அதில் இயக்குநரின் கையெழுத்து வேண்டும். அதை முதலில் இட்டுத் தரத் துணை அலுவலர் வேண்டுகிறார். பிறகு சட்டைப்பையில் இருக்கும் உறையைக் கொடுப்பதும் கிழிப்பதும் இயக்குநரின் விருப்பம். சான்றிதழைத் தம் வீட்டுச் சுவரிலிருந்து இன்று காலையே துணை அலுவலர் கழற்றிவிட்டார். அது மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டார்.

அம்மையே! உங்கள் அக்காவின் கண்களும் உங்கள் கண்களும் ஒளி குன்றாதிருக்க! முழங்கால் நோவு முற்றும் அகல! வீட்டு வாசலில் விண்ணப்பதாரர் வந்து வரிசையில் நின்று உங்கள் ஓய்வைக் கெடுக்காதிருக்க! அப்படி வந்தால், தயவுசெய்து, துணை அலுவலரின் மேசையும் காலியாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் இருந்தே தீர வேண்டும். பார்த்துப் பொறாமைப்பட அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

உடன் உழைத்த உரிமையோடு ஒப்பமிடுவோர்,
திறந்தவெளி நிகழ்ச்சி அனுமதிப் பிரிவின் ஊழியர் ஒன்பதின்மர்.
எழுதிப் படித்தவர்: துணை அலுவலர்.