தூங்கும் முன் ஒரு சத்தம்

சாம்பிராணியில் குறை இல்லை, சார். கோலா பிலா டவுனில் பார்த்து வாங்கியதுதான். மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்த வெள்ளை அலாரம், அதற்குத்தான் சாமிப் புகைக்கும் மற்றப் புகைக்கும் வித்தியாசம் தெரியாது.

என் மனைவி ரதி வாங்கி வந்தது. சுங்கை காடுட் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தாள். அங்கே தீ விபத்துப் பயிற்சி கொடுத்தார்களாம்.

“தூங்கறப்போ மூக்கும் தூங்கிடுமாங்க. காதுதான் எழுப்பி விடுமாம். நம்மளது பலகை வீடு லா, பத்து நிமிசம் தாங்காது” என்றாள். நாற்காலி போட்டு ஏறி, படுக்கையறையில் அவளே மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கொட்டாங்குச்சிக் கனலில் சாம்பிராணி தூவி, தூபக்காலை அறை அறையாகக் கொண்டுபோவேன். முதல் வெள்ளியே அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டோரின் அக்கா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

“ஏன்டா வசந்தன், சாமிய கூப்புடுறியா, வெரட்டுறியா?”

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அலாரத்தைக் கழற்றி வெளியே மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுவிடுவேன். ரதி வேலை முடிந்து வருவதற்குள் புகை அடங்கிவிடும். திரும்ப மாட்டுவேன். அவள் படுத்துக்கொண்டு, “பட்டன அமுக்குங்க, கேட்டுட்டுத் தூங்குறேன்” என்பாள். அமுக்குவேன். கத்தும். கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு அது பிடிக்கும்.

இது நடந்த வெள்ளிக்கு மறுநாள் அவள் தொழிற்சாலை விடுதிக்கே குடிபோவதாக இருந்தது. துணிமூட்டையும் இரண்டு அட்டைப் பெட்டிகளும் கட்டிலருகே தயாராக இருந்தன. “வர்றதுன்னா வாங்க. இல்லாட்டி இந்தச் செம்பனைத் தோட்டத்துலயே கெடங்க. நான் திரும்ப மாட்டேன்” என்றாள். நான் சண்டை போடவில்லை. தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் குரல் உயர்த்தியதே இல்லை.

அந்த வெள்ளி லீவு எடுத்திருந்தேன். சாம்பிராணி மட்டும் தாமதமாகிவிட்டது. காலை எட்டரைக்கு ரதி வேலை முடிந்து வந்து படுத்தாள். பட்டனை அமுக்கினேன். கேட்டாள். தூங்கினாள்.

பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து அலாரத்தைக் கழற்றினேன். புகையில் அது கத்தி அவள் தூக்கம் கெடக் கூடாது. தூபக்காலில் கனல் அன்று கொஞ்சம் அதிகம். பயணம் போகிறவளின் சாமான்களுக்கும் காட்டுவது நல்லது என்று பெட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். மூட்டையிலிருந்து ஒரு சேலை நழுவி அதன்மேல் கிடந்தது. எடுக்கவில்லை. வெளியே வந்து கம்பிக் கதவைப் பூட்டினேன். குரங்குத் தொல்லைக்காக எப்போதும் பூட்டுவதுதான். அவளுடைய சாவி உள்ளே ஆணியில் தொங்கும். அன்று அதுவும் என் சட்டைப் பையில் இருந்தது.

செம்பனை நிழலில் மோட்டாரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். அலாரம் கூடையில் இருந்தது. அங்கே வரைக்கும் புகை வரவில்லை, அதனால் அது கத்தவில்லை.

வீடு எரிந்தபோது கம்பிக் கதவு உள்ளிருந்து குலுங்கியதாக டோரின் அக்கா சொல்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது, சார். ரதி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அலாரத்தைக் கேட்டுவிட்டால் அவளுக்குப் பயமே இருக்காது.

இந்த லாக்கப்பில் எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. அந்த அலாரத்தில் இன்னும் பேட்டரி இருக்கும். ஒரே ஒரு தடவை, அந்தப் பட்டனை அமுக்குங்களேன், சார்.