புதிது போல் இருந்த ஹெல்மெட்

உங்கள் மேசை மேல் நிற்கிற இந்தக் குட்டி விமானத்தின் இடது இறக்கையில் விரிசல் விழுந்திருக்கிறது, ஐயா. வீட்டில் யாரோ ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். பசை கொஞ்சம் அதிகம், மற்றபடி நல்ல கை. விபத்துக் கேஸை முடிக்கக் கையெழுத்துப் போடத்தானே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள், போட்டுவிடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேசவேண்டும். என் வேலையைப் பற்றித்தான்.

பிளாஸ்டிக் மாடல்களைப் பழுதுபார்க்கிறவன் நான். கப்பல், விமானம், ரயில் எஞ்சின் என்று ஆசை ஆசையாக வாங்கிக் கோத்து அலமாரியில் வைத்திருப்பார்கள். பூனை தள்ளிவிடும், வீடு மாற்றும்போது நசுங்கும். பிறகு என்னிடம் வரும். ஓட்டை என்றால் பின்பக்கம் ஒரு சின்னத் தகடு வைத்து ஒட்டுவேன். முன்பக்கம் பட்டி நிரப்பி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பேன். விரிசல் என்றால் அது முடிகிற இடத்தில் ஊசிமுனை அளவு துளை போடவேண்டும். அப்போதுதான் அது மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். அதற்குப் பிறகுதான் பசை, பட்டி, வர்ணம் எல்லாம். விரலால் தடவினாலும் தெரியக்கூடாது. ஆனால் இதெல்லாம் கண்ணுக்குச் செய்கிற வேலை, பாரம் தாங்கச் செய்கிற வேலை இல்லை. மாடல் கப்பல் எந்தக் கடலிலும் இறங்கப்போவதில்லை.

காலையில் வேலைக்கு உட்காருமுன் கண்ணை மூடிக்கொள்வேன். என் கையால் இன்று யாராவது ஒருவர் சந்தோஷப்படட்டும் என்று கேட்டுக்கொள்வேன். பார்சல் கொண்டுவருகிறவரைக்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. சின்னச் சின்ன நல்லதுகளைத்தான் கடவுள் கணக்கில் வைத்துக்கொள்கிறார் என்று நம்புகிறேன்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். தலை பின்னவும் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பின்னல் கோணிப்போய், வகுப்பில் எல்லாரும் சிரித்தார்களாம். மறுநாளும் என்னிடம்தான் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் மாடியை ஒழித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை கௌரவம் பார்க்காமல் வந்துவிட்டார்.

நல்ல மனிதர். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு நாள் கீழே வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இந்தப் பசை வாசனையில மூளை கரைஞ்சுடும் மச்சான். நாளைக்கு என்னைப் பாத்து நீங்க யாருன்னு கேப்பீங்க," என்றார். அடுத்த விடுமுறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, புகையை வெளியே தள்ளுகிற மின்விசிறி ஒன்றைத் தானே பொருத்தினார். சுத்தியல் கட்டைவிரலில் பட்டு நகம் கருத்துவிட்டது. அத்தனை வருடத்தில் என் மூச்சுக்குள் என்ன போகிறது என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

அவர்தான் ஒரு சாயங்காலம் ஹெல்மெட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், ஒரு உயிரைக் காப்பாத்தணும்."

"யார் உயிரை?"

"என் உயிரைத்தான். உங்க தங்கச்சி கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தது. மொட்டை மாடியில காய வெச்சேன், காத்துல உருண்டு கீழ விழுந்துடுச்சு. அவ கண்ணுல பட்டா நான் தொலைஞ்சேன்."

வாங்கிப் பார்த்தேன். பின்தலையிலிருந்து காதுவரை விரிசல். கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு விளிம்பும் அசைந்தன. உள்ளே இருந்த தெர்மாகோலும் பிளந்திருந்தது.

"வேற ஒண்ணு வாங்கிட வேண்டியதுதானே, மாப்பிள்ளை?" என்றேன். இதை நான் சொன்னேன், ஐயா. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

"இந்த நீலம் இப்ப வர்றதே இல்லையாம். கடை கடையா ஏறி இறங்கிட்டேன். உள்ள பாருங்க, என் பேரை வேற எழுதி வெச்சிருக்கா. ஸ்கூல் பையில எழுதற மாதிரி."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் போகாமல் உட்கார்ந்து, மேசையில் கிடந்த பாய்மரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இன்னொரு விஷயம் மச்சான். அவ சொல்லணும்னுதான் இருந்தா. வாய் வரல, அழுதுட்டே இருக்கா. எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. அடுத்த மாசம் போகணும். நீங்களும் எங்ககூட வந்துருங்க. உங்க மேசை போடறதுக்குன்னே ஜன்னல் உள்ள ரூமா பாத்து வெச்சிருக்கேன்."

அன்பாகத்தான் சொன்னார். அவர் வீட்டில் எனக்கு ஓர் அறை. அதுவரை என் வீட்டில் அவருக்கு ஒரு மாடி. இரண்டும் ஒன்றல்ல.

"வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கறேன்," என்றேன்.

வேலையை அவசரமில்லாமல் செய்தேன். விரிசலின் முனையில் துளை போடவில்லை. பின்பக்கம் தகடு வைத்தால் உள்துணி புடைத்துத் தெரியும், அதனால் வைக்கவில்லை. என்னிடம் இருப்பதிலேயே கடுமையான பசையைப் பயன்படுத்தினேன். அந்த வகை பிளாஸ்டிக்கை அது அரிக்கும். ஒட்டின இடத்தைச் சுற்றி அப்பளம் மாதிரி ஆக்கிவிடும். தெரியாமல் செய்திருந்தால் தவறு என்று சொல்லலாம். எனக்குத் தெரியும். ஆகவே அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அந்த நீலம் கிடைக்கத்தான் மெனக்கெட்டேன். கலந்து கலந்து, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் கிடைத்தது. முடித்ததும் வழக்கம்போல் கண்ணை மூடினேன். அவருக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. எது நடக்கவேண்டுமோ அது நடக்கட்டும் என்று கடவுள் கையில் விட்டேன்.

மாப்பிள்ளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க இருந்துச்சுன்னே தெரியலையே மச்சான்," என்றார். பிறகு தலையில் மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். "தாங்கும்ல?"

"புதுசு மாதிரி இருக்கு, பாருங்க," என்றேன்.

அது பொய் இல்லை. புதிது மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "மெதுவாப் போங்க மாப்பிள்ளை," என்று சொன்னேன். அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. தங்கைகூடக் கேலி செய்தாள். "என்னண்ணா, என்னைவிட நீதான் அவருக்குப் பொண்டாட்டி மாதிரி நிக்கிற."

மீதி உங்களுக்குத் தெரியும். வளைவில் மணல், வண்டி சறுக்கியது. வேகமே இல்லை. எதிர்க்கடைக்காரர் உங்களிடம் சொன்னாரே, சைக்கிளிலிருந்து விழுகிற மாதிரிதான் விழுந்தார், எழுந்து தூசி தட்டிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன் என்று. நீங்கள் பிரேக்கைப் பற்றி விசாரித்தீர்கள். டயரையும் மழையையும் பற்றிக் கேட்டீர்கள். ஹெல்மெட் இரண்டு பாதியாக உங்கள் ஆள் கையிலிருந்த பையில் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. தங்கை தண்ணீரை ஸ்பூனால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வேலையைக் கெடுத்துட்டேன் மச்சான். மன்னிச்சுக்குங்க," என்றார். அவர் பேசினது அதுதான் கடைசி.

"பரவால்ல, தூங்குங்க," என்றேன். உண்மையாகவே மன்னித்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, உங்கள் ஆட்கள் திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு பாதியையும் தங்கை என் மேசை மேல் கொண்டுவந்து வைத்தாள். கழுவித் துடைத்திருந்தாள்.

"ஒட்டிக் குடுண்ணா. இது இல்லேன்னா அவர் ரோட்டுலயே போயிருப்பார். இதாலதான் அந்தக் கொஞ்ச நாளாவது எனக்குக் கெடைச்சார்."

ஒட்டிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. அவள் எழுதிய பெயர் பாதியில் அழிந்திருந்தது. அதே எழுத்தில் அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இப்போது அவள் எங்கும் போவதாக இல்லை. வீடு முன்போலவே இருக்கிறது. நான் பரிமாறினால் சாப்பிடுகிறாள். பேச்சு இல்லை. சில நாள் தலை பின்னிவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்வதில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தால், அங்கே உட்கார்ந்திருப்பது வேறு யாரோ என்று தோன்றும். காலம் சரிசெய்யும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் வீட்டில் இருக்கிறாள்.

அவர் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். நல்லவர்கள். அவருடைய வண்டியிலேயே போய்வருகிறாள். அதே ஹெல்மெட்டைத்தான் போட்டுக்கொள்கிறாள். "அவர் கையை என் தலையில வெச்ச மாதிரி இருக்குண்ணா," என்கிறாள்.

இன்றைக்கு என்னை இங்கே கூட்டிவந்ததும் அவள்தான். கீழே வாசலில் வண்டியோடு நிற்கிறாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், ஐயா. தயவுசெய்து அவளைக் கூப்பிடாதீர்கள். வேறு வாங்கிக் கொடுக்கலாமே என்றுதானே கேட்க வருகிறீர்கள்? வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னால் அதற்குப் பிறகு ஒரு வேளைகூட அவள் என் வீட்டில் இருக்கமாட்டாள். எங்கே போவாள்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மெதுவாகத்தான் ஓட்டுகிறாள். வளைவு வந்தால் பின்னால் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். என் தங்கைக்கு ஒன்று ஆக நான் விடுவேனா, ஐயா?