வால்வின் மேல் தொங்கிய இரும்பு

ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் மணியுமாக அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் படிப்பகத் தலைவர் அவர்களே! மேடையின் இடப்பக்கம் கைகளையும் கட்டிக்கொண்டு, வாயையும் கட்டிக்கொண்டு வீற்றிருக்கும் நிர்வாகக் குழுவினரே! சாயத் தொட்டியில் கையின் நிறம் மாறியும் சொல்லின் நிறம் மாறாத பெரியோர்களே! எட்டு மணி நேரம் நின்றபடி துணி மடித்துவிட்டு, வீட்டில் இன்னொரு எட்டு மணி நேர வேலை காத்திருப்பது தெரிந்தும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தாய்மாமன், கொதிகலன் பிரிவின் ஃபோர்மேன் அவர்களே! அவருக்குப் பின்னால் அமர்ந்து அவரை முறைத்துக்கொண்டிருக்கும் என்னைப் பெற்றவளே! வாசலோரம், உள்ளே வரலாமா கூடாதா என்று நிற்கும் அடுப்பண்ணனே! உள்ளே வாருங்கள். இன்று நீங்கள்தான் எனக்கு முக்கியமான விருந்தினர். அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு: ‘கிரேக்க, ரோமானியச் சிந்தனையாளர்கள் நமக்கு விட்டுச் சென்றது என்ன?’ தலைப்பைக் கொடுத்தபோது எனக்கு வேலை இருந்தது. இப்போது தலைப்பு மட்டும் இருக்கிறது. கொதிகலனை அனுமதியின்றி நிறுத்திய குற்றத்துக்காக மூன்று வாரமாக நான் பணி இடைநீக்கத்தில் இருக்கிறேன். நான் பேசி முடித்ததும் ஒரு தீர்மானம் வரப்போகிறது. சனிக்கிழமை மாலைகளில் இங்கே கூடும் கேள்வி வட்டத்தைக் கலைக்க வேண்டுமாம். வட்டம் வேண்டுமா, கட்டடம் வேண்டுமா என்று, இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்கார ஆலை கேட்டிருக்கிறது. வேறு சிலர், “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவனைப் பத்திப் பேசி நமக்கு என்ன ஆகப்போவுது?” என்று கேட்டிருக்கிறார்கள்.

நல்ல கேள்வி! கேள்வி வட்டத்தைக் கலைக்க வருபவர்களும் கேள்வியோடுதானே வரவேண்டியிருக்கிறது? அந்தச் செத்துப்போனவனின் வெற்றி அதுதான் ஐயா!

யார் அவன்? அரசனா? இல்லை. அமைச்சனா? இல்லை. கல் செதுக்குகிறவரின் மகன். பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சியின் மகன். சாக்ரடீஸ்! காலில் செருப்புக்கூட இல்லாமல் கடைவீதியில் திரிந்தவன். கற்பிக்கக் கட்டணம் கேட்டதில்லை. கைப்பட ஒரு வரி எழுதி வைத்ததில்லை. ‘எனக்குத் தெரியும்’ என்று மார்தட்டியவர்களிடம் போய், ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டான். வீரம் தெரியும் என்ற தளபதி விழித்தான். பக்தி தெரியும் என்ற பக்திமான் பதறினான். ஊரே சேர்ந்து அவன் வாயை நிரந்தரமாக மூடியது. வாய் மூடியது. கேள்வி மூடியதா?

அங்கே யாரோ, “தம்பி, நம்ம பாய்லர் கதைக்கு வாங்க” என்கிறார். அண்ணே, அதில்தான் நிற்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், நீராவி ஏற நேரம் எடுக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கொதிகலனில் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள் இருக்கிறது. நாம் கேஜ் என்கிறோம். அழுத்தம் எட்டைத் தாண்டினால் ஆவியை வெளியே விட ஒரு வால்வு இருக்கிறது. அந்த வால்வை அழுத்திப் பிடிப்பது ஒரு நீண்ட தண்டு. தண்டில் ஒரு எடை. உள்ளே இருக்கும் ஆவி அந்த எடையைத் தூக்கும் அளவுக்குப் பலம் பெற்றால் வால்வு திறந்து ஊதும். நெம்புகோல்! ஆர்க்கிமிடீஸ் கணக்குப் போட்டுக் காட்டிய அதே நெம்புகோல்! உலகத்தையே பெயர்க்கலாம் என்று அவன் சவால் விட்டதாகச் சொல்லப்படும் அந்த விதி, நம் அடுப்பறையில் அழுக்குத் துணிக்குப் பக்கத்தில் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவனுக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த வால்வு ஊத ஆரம்பித்தது. ஓயாமல் ஊதியது. மேலே இருந்த அலுவலகத்தில் தொலைபேசி பேச முடியவில்லை என்று புகார். ஃபோர்மேன் வந்தார். அங்கே நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன்.

“கேஜ் என்னடா காட்டுது?”

“ஏழு.”

“எட்டுல ஊத வேண்டியது ஏழுலயே ஊதினா, எதுல கோளாறு?”

“வால்வுலதான்.”

“அப்போ அதோட வாயை மூடு. பெரிய படிப்பு படிச்சவன்தானே, ஒரு வழி பண்ணு.”

அந்தப் பெரிய படிப்பு படிச்சவன் ஒரு வழி பண்ணினான். கழித்துப்போட்ட இயந்திரத்திலிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்தான். மணிக்கு ஒருமுறை அழுத்தத்தை எழுதும் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். தண்டில் இத்தனை அங்குலத்தில் கட்டினால் சத்தம் நிற்கும். கம்பியால் கட்டினான். சத்தம் நின்றது. மேலே தொலைபேசி மணி இனிமையாக ஒலித்தது.

யார் அவன் என்கிறீர்களா? சொல்கிறேன். ஓடிவிட மாட்டான். விசாரணை அறிக்கையில் ஒரு பெயர் இருக்கிறது, அடுப்பண்ணன் பெயர். இருபத்திரண்டு வருடமாக அந்த அடுப்புக்குத் தீனி போடும் மனிதர். இரும்பு தொங்கியது அவருடைய அறையில் என்பதால் கட்டியதும் அவர்தான் என்று எழுதிவிட்டார்கள். அவர் மறுத்துச் சொன்னது ஒரே வரி: “நான் கட்டலை சார். யாரு கட்டினான்னு நான் சொல்லவும் மாட்டேன்.”

இப்போது இன்னொரு காட்சிக்கு வாருங்கள். இதே மண்டபம், இதே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சனிக்கிழமை மாலை. பேச்சு சாக்ரடீசைப் பற்றி. நான் முழங்கிக்கொண்டிருந்தேன். இதோ மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, ஆலையின் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்கா, அவர் குறுக்கே வந்தார்.

“ஏம்ப்பா, இவ்வளவு பேசுறியே, உனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்லேன்.”

“பாய்லர் பிரஷர் ஏழுக்கா.”

“எப்படித் தெரியும்?”

“கேஜ் காட்டுது.”

“கேஜ் சரின்னு எப்படித் தெரியும்?”

“நேத்தும் ஏழு, முந்தாநாளும் ஏழு. மணிக்கு ஒரு தடவை எழுதுறோம்ல, தாளைப் பாருங்க.”

“அந்தத் தாளெல்லாம் என்கிட்டதான்ப்பா வருது. நான்தான் கோப்புல போடுறேன். ஒண்ணு கேக்கட்டுமா? போன வார லீவு அன்னிக்கு அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சு. அன்னிக்கும் ஏழுன்னு எழுதி இருக்கே, அது எப்படி?”

சிரிக்கிறீர்கள். அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுப்பில் நெருப்பில்லை, கலனில் ஆவியில்லை, ஆனால் கேஜில் ஏழு! கேஜுக்குப் போகும் குழாயின் வளைவில் துரு அடைத்து, முள் ஏழிலேயே உறைந்துவிட்டது. அந்த ஏழு என்ற எண்ணை நாற்பத்து மூன்று நாள் எழுதினோம். காலை வேலைக்காரன் எழுதியதைப் பார்த்து மாலை வேலைக்காரன் எழுதினான். மாலையில் எழுதியதைப் பார்த்து மறுநாள் காலையில் எழுதினான். பாதித் தாளைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நிரப்பி வைக்கிற பழக்கமும் நமக்கு உண்டு. இல்லை என்று சொல்பவர் எழுந்து நிற்கலாம். யாரும் எழவில்லை. நன்றி. நேர்மையான சபை.

பொய் சொன்னது கேஜ். உண்மை சொன்னது வால்வு. நாம் பொய்யனைத் துடைத்துப் பளபளப்பாக்கினோம். உண்மை பேசியவன் கழுத்தில் இரும்பைக் கட்டினோம்! கேட்கிறேன் தோழர்களே, இது அடுப்பறையில் மட்டும் நடப்பதா? அன்று ஏதென்சு நகரத்தில், ஐந்நூறு பேர் அளவில் கூடிய மன்றத்தில் நடந்தது வேறென்ன? இன்று இந்த மண்டபத்தில் நடக்கவிருப்பது வேறென்ன?

அக்காவிடம் சோதனைக் கேஜ் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுப்பறைக்கு ஓடினேன். மாட்டிப் பார்த்தால் ஒன்பதே கால். கலனின் எல்லை எட்டு. அந்தச் சுவருக்கு அப்பால் மடிப்புக் கூடத்தில் அறுபது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தாய்மார்களே, உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். நான் யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்? நெருப்பை அணைத்தேன். தொட்டியில் இருந்த துணி வீணானது உண்மை. துணி வீணானது, நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தலைவர் மணி அடிக்கிறார். ஐயா, உங்கள் மணியும் ஒரு வால்வுதான். அடியுங்கள், நான் இரும்பு கட்ட மாட்டேன். ஆனால் இன்னும் கொஞ்சம் பேசுவேன்.

கிரேக்கன் சொன்னதெல்லாம் வேதம் என்று அவனுக்குப் பல்லக்குத் தூக்க நான் வரவில்லை. மக்களாட்சி பேசிய அதே நகரம் அடிமைகளை வைத்திருந்தது. அரிஸ்டாட்டில் என்ற பேரறிஞரே, சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று வாதாடினார். தவறு! பச்சைத் தவறு! ஆனால் அந்தத் தவறைத் தவறென்று காட்ட நாம் எடுக்கிற ஆயுதம் எது? ‘ஆதாரம் என்ன, எப்படித் தெரியும்?’ என்ற அதே கேள்வி. தன்னை வடித்த கொல்லனையே வெட்டும் கத்தி அது. கொல்லனுக்கு அதைவிடப் பெருமை உண்டா?

அடிமை என்றதும் நினைவுக்கு வருகிறது. ரோமாபுரியில் எபிக்டெட்டஸ் என்று ஓர் அடிமை இருந்தார். விடுதலையான பிறகு ஆசிரியர் ஆனார். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்றார். அவர் மறைந்த பிறகு அவருடைய பாடத்தைப் படித்துப் பயன்பெற்றவர்களில் ஒருவர் மார்க்கஸ் அரேலியஸ், பேரரசர்! இதை வட்டத்தில் சொன்னபோது அடுப்பண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ நம்ம எம்.டி. அடுப்பு ரூமுக்கு வந்து என்கிட்ட பாடம் கேக்குற மாதிரின்னு சொல்லு! நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, அவரை எங்க உக்கார வெக்கிறது?” என்றார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது.

விசாரணையில் என்னிடம், “நீயே சொல்லு, உனக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?” என்று கேட்டார்கள். சாக்ரடீசுக்கும் இந்த வாய்ப்பு வந்தது. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனையை நீயே சொல் என்றார்கள். ‘நகர மண்டபத்தில் எனக்கு இலவச உணவு போடுங்கள்’ என்றான் அந்த மனிதன்! நான் அவ்வளவு பேராசைக்காரன் இல்லை. “புது கேஜ் ஒண்ணு வாங்கி மாட்டுங்க சார்” என்றேன். திமிர் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு இந்தக் காகிதத்தைத் தந்தார்கள். அச்சடித்த மன்னிப்புக் கடிதம். கொதிகலனை நிறுத்தியது தவறு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நாளை காலை எனக்கு வேலை. இரும்பு கட்டிய பழி அடுப்பண்ணனோடு போய்விடும். சாக்ரடீசுக்கு நண்பர்கள் சிறைக்கதவைத் திறந்துவிடத் தயாராக இருந்தார்கள், அவன் போகவில்லை. எனக்கும் கதவு திறந்திருக்கிறது. அம்மா வீட்டில் சொன்னாள்: “கையெழுத்துதானேடா, கையா கேக்குறாங்க?”

அம்மா, கையைத்தான் கேட்கிறார்கள்.

இந்தத் துண்டில் சுற்றி என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று வந்ததிலிருந்து எல்லோரும் பார்க்கிறீர்கள். இதோ, மேசைமேல் வைக்கிறேன். சத்தம் கேட்டதா? இதுதான் அந்த இரும்பு. கம்பி கட்டிய தடம் இன்னும் இருக்கிறது. இதைத் தொங்கவிட்டவன் அடுப்பண்ணன் இல்லை. அந்தப் படித்த முட்டாள் நான்.

ஆமாம், நான்தான்! ஆர்க்கிமிடீசின் விதியைத் தெரிந்து வைத்திருந்தேன். அதனால்தான் அங்குலம் பிசகாமல் கட்டினேன். சாக்ரடீசின் கேள்வியை மேடையில் முழங்கினேன். அடுப்பறையில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. விதி கையில் இருந்தது, கேள்வி கையில் இல்லை. கேள்வி இல்லாத கல்வி என்ன செய்யும்? மிகத் துல்லியமாகக் கொலை செய்யும்! விசாரணையில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சாக்காக வைத்து நானும் மறைத்தேன். நான் கட்டியதைக் கண்ணால் பார்த்த அடுப்பண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எந்த அரசனை விடவும் அவர் பெரியவர். அண்ணே, என்னை மன்னியுங்கள்.

தலைவர் அவர்களே, அச்சடித்த கடிதம் இதோ, கையெழுத்தில்லாமல். அதன் மேல் இந்த இரும்பை வைக்கிறேன். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கட்டும். இது என் கைப்பட எழுதிய கடிதம். கொதிகலனை நிறுத்தியதற்கு மன்னிப்பு இல்லை, மீண்டும் நிறுத்துவேன். இரும்பு கட்டியதற்கு மன்னிப்பும் தண்டனையும் கேட்டிருக்கிறேன். அடுப்பண்ணன் பெயரை நீக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்ன மாமா? எழுந்து நிற்கிறீர்கள்? ஒலிபெருக்கி இல்லை, உரக்கச் சொல்லுங்கள்.

“வாயை மூடச் சொன்னது நான்தான்னும் சேத்து எழுதுடா. பேனா இருக்கா, இல்ல நான் தரட்டுமா?”

கேட்டீர்களா? பேனா இருக்கிறது மாமா. மேடைக்கு வாருங்கள், அந்த வரியை நீங்களே எழுதுங்கள்.

தோழர்களே, அந்தச் சிந்தனையாளர்கள் நமக்கு விட்டுச் சென்றது சலவைக்கல் தூண்களா? இல்லை. ‘எப்படித் தெரியும்?’ என்ற ஒரு கேள்வி. ஒரு மாலை, கைப்பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து அது வந்தது. அறுபது பேர் வீடு திரும்பினார்கள். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே நாற்காலி சனிக்கிழமை வட்டத்தில் இருக்கிறது. அதைக் கலைக்க வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கை தூக்குங்கள். ஆனால் முதலில் மேடைக்கு வந்து இந்த இரும்பை ஒருமுறை அதே கையால் தூக்கிப் பாருங்கள். கனம் தெரியட்டும். மண்டபத்தைப் பூட்டினால் அடுத்த சனிக்கிழமை ஆலை வாசல் மரத்தடியில் கூடுவோம். மரத்துக்குப் பூட்டு இல்லை.

என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கேள்வி கேட்ட அக்காவுக்கும், வாய் திறக்காமல் என்னைக் காத்த அண்ணனுக்கும், வாய் திறந்த மாமாவுக்கும் நன்றி. வால்வு ஊதட்டும்! வணக்கம்.