எழுந்திருக்காத முள்

எனக்கு டீ நன்றாகப் போட வராது. அப்படியும் கண்டக்டர் அண்ணன் இரண்டாவது டம்ளர் கேட்பார். ஐயா, விசாரணையை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

அவர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காரும் எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டியது, அவ்வளவு ஓடியிருந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்று கொண்டுவந்தார்.

"ஏறினவன் இறங்குறத யாரும் பாக்கலயேப்பா," என்றார்.

என் பட்டறையில் யாரும் சிரித்துப் பேசி நெடுநாளாகியிருந்தது. மனைவி என்னை விட்டுப் போன பிறகு என்னோடு பேசுவது கம்ப்ரசர் மட்டும்தான். அதுவும் சொன்னதையே சொல்லும்.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். பிளக்குகளைக் கழற்றினால் மூன்றில் கரி. ஒன்று மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தது. என்ஜினுக்குள் கூலன்ட் இறங்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டுப்போய், கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் இறங்கி ஆவியாகிக்கொண்டிருந்தது. சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. செய்துவிட்டால் அவர் ஏன் வரப்போகிறார்?

"பிடிபட மாட்டேங்குது அண்ணே. ஊத்தி ஓட்டுங்க, அடுத்த வாரம் பாப்போம்."

"நீயெல்லாம் மெக்கானிக்குன்னு போர்டு வச்சிருக்க பாரு," என்பார். ஆனாலும் வருவார். அண்ணி எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொடுத்தனுப்புவார்.

ஒரு வாரம், சூடு காட்டும் முள் ஏறுகிறதென்று பயந்து, வேறு பட்டறையில் காட்டலாமா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு முள் எழுந்திருக்கவே இல்லை.

"கைராசிக்காரன்டா நீ," என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணிக்கு நெஞ்சுவலி வந்த அன்று, முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணன் விரட்டியிருக்கிறார். பாலத்து ஏற்றத்தில் என்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது அண்ணி இல்லை.

காரைக் கட்டி இழுத்து என்னிடம்தான் கொண்டுவந்தார். ஒயரைத் திரும்ப மாட்டியது நான்தான். ஒயரில் சுற்றியிருக்கிறதே என்று நீங்கள் கேட்ட அந்தப் புது டேப் என்னுடையது.

இப்போது அண்ணன் தினமும் பஸ்ஸில் வருகிறார். "வீட்ல இருக்க முடியலப்பா. எங்க தப்புன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிடு," என்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டீயில் அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடவே போடுகிறேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன், ஐயா. இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?