வாயடைத்த வரி

எனக்குப் பொதுவாகக் கோபம் வராது. நான் எழுதும் நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிமாற்றும் கம்பைலரிடம் மட்டும் வரும்.

மருத்துவமனையில் நோயாளியின் மூச்சைக் கண்காணிக்கும் கருவிக்கு நிரல் எழுதுவது என் வேலை. மூச்சு நின்றால் மணி அடிக்க வேண்டும். அதற்கான கட்டளைகளை, கம்ப்யூட்டேஷன் எக்ஸ்பிரஷன் என்று நாங்கள் சொல்லும் அடைப்புக்குள் வரிசையாக எழுதியிருந்தேன். அதற்குள் ஒரு குறி விட்டுப்போனாலும் கம்பைலர் சம்பந்தமில்லாத வரியின்கீழ் சிவப்புக் கோடு போடும். சொல்லும் காரணமும் பிடிபடாது.

ஒரு நாள் முழுக்க முட்டி மோதினேன். என் மனைவியும் இதே தொழில்தான். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அது கத்துற இடத்துல ஒண்ணும் இருக்காதுடா. மேல பாரு.”

பார்க்கவில்லை. மணியடிக்கும் வரியின் முடிவில் ‘இக்னோர்’ என்று சேர்த்தேன். கண்டுகொள்ளாதே என்று பொருள். சிவப்பு மறைந்தது. அப்படி எழுதினால் கட்டளை தயாராகி நிற்கும், கிளம்பாது. சோதனையில் கருவியின் திரையில் மூச்சு நின்ற எச்சரிக்கை வந்தது, போதும் என்று விட்டோம். அலுவலகத்தில் இரைச்சல் வேண்டாமென்று ஒலியை அணைத்துவிட்டுத்தான் சோதிப்போம்.

பிறகு அவளுக்குக் குடல்வால் அறுவை. படுக்கையருகே எங்கள் கருவி. அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“போச்சு. உன்னை நம்பி விட்டுட்டாங்க.”

தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். திரையில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. திரைச்சீலைக்கு அப்பால் நர்ஸ் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியின் கை இன்னும் சூடாக இருந்தது.

“மணி அடிக்கவே இல்ல சார். அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பேனே.”

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் எந்த வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்ததும் அலுவலகம் போனேன். இக்னோரை எடுத்தேன். விட்டுப்போன குறியைப் போட்டேன். ஓர் ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். புதிய நிரலை எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவிட்டுப் பழையதன் சுவடுகளை அழித்தேன். விசாரணைக் குழு சோதித்தபோது மணி கணீரென்று அடித்தது. நர்ஸ் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தார்கள்.

என் மனைவியின் அண்ணன் போலீசுக்குப் புகார் எழுதினார். கணவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் இப்போது சிறையில் இருக்கிறார். அவருடைய கணவர் ஒருமுறை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மணி அடிச்சுதா தம்பி? அது மட்டும் சொல்லுங்க.”

நான் அப்போது அங்கே இல்லை என்றேன். அது உண்மை.

எல்லாக் கருவிகளும் இப்போது ஒழுங்காக அடிக்கின்றன. என் மனைவி இருந்திருந்தால், சரி பண்ணிட்டியா என்றுதான் கேட்டிருப்பாள். நர்ஸைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாள்.