காரணம் கேட்டாங்க

போதுங்கக்கா, இன்னொரு சொம்பு மோரெல்லாம் வேணாம். திருப்பாதிரிப்புலியூர்லேருந்து ரயில்ல நின்னுக்கிட்டே வந்தேனா, நாக்கு வறண்டுபோச்சு. முன்னபின்ன தெரியாதவ வாசல்ல வந்து தண்ணி கேட்டதும் உள்ள கூப்ட்டு ஒக்காரவெச்சீங்களே, அதுவே பெரிசு.

உள்ள யாரு, பொண்ணா அழுவுது? ஓ, பேசி வெச்சிருக்கற மாப்ள வேணாங்குதா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியலயா. திட்டாதீங்கக்கா. எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துது.

சண்டக் காலம். ஜப்பான்காரன் குண்டு போட்டுருவான்னு கடலூரே பாதி காலியாக் கெடந்துது. என்னப் பாக்க வந்தவரு சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசினாரு. சொந்தமா மண்ணெண்ண மண்டி, ஓட்டு வீடு, மாமியா இல்ல. எனக்கு மட்டும் வயித்தப் பெசஞ்சுது. வேணாம்னேன். ஏன்னு கேட்டாங்க. குடிக்கறாரா, சீக்காளியா, என்ன கொறையக் கண்டேன்னு ஆளாளுக்குப் புடிச்சிக்கிட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? பயமா இருக்குன்னேன். சிரிச்சாங்க.

எங்கண்ணன் மட்டும் சிரிக்கல. நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம், அம்மன் சன்னதியில பூக்கட்டிப் பாத்துருவோம்னான். ஆமாங்க, வெள்ளப்பூ வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம். அவனே ரெண்டு பூவையும் தனித்தனி எலையில மடிச்சு, நூலு சுத்தி, அம்மன் காலடியில வெச்சான். நான்தான் கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்தேன். வெள்ள. மீதிப் பொட்டலத்த அவன் மடியில சொருவிக்கிட்டான். அம்மனே சொன்னப்பறம் என் வயிறு சொல்றது எம்மாத்திரம்? கழுத்த நீட்டிட்டேன்.

அடியும் ஒதையும் ஜாஸ்திக்கா. அதச் சொல்லி இப்ப என்ன. கொழந்த தங்கலன்னு, எரவல் வாங்குன பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கற மாதிரி என்னக் கொண்டாந்து அண்ணன் வீட்டுல விட்டுட்டாரு. அண்ணனுக்கு அவரு மண்டியிலதான் வேல. கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி வெச்சிக்கிட்ட வேல, எனக்குத்தான் தெரியல. ஒருநா சண்டையில அண்ணி கொட்டிட்டா. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூதான்டி வெச்சாரு, நீ எத எடுத்திருந்தாலும் அங்கதான் போயிருப்பேன்னு.

அத்தினி வருசமும் நான் அம்மனோட பேசலக்கா. வெளக்குகூட ஏத்தல. பாவம், அவ ஒண்ணுமே சொல்லல. சொன்னதெல்லாம் என் வயிறுதான், அதத்தான் நான் கேக்கல. அடிச்சவரக்கூட மறந்துருவேன். கூடப்பொறந்தவன் சாமி முன்னாடி நின்னு ஏமாத்தினானே, அது ஆறல. இப்பவும் சோறு எறங்க மாட்டேங்குது.

கோயிலுக்கா? இல்லக்கா, கோயிலுக்கு வரல. இந்தத் தெருவுல வீடு கேட்டு விசாரிச்சுத்தான் வந்தேன். உங்க பொண்ணுக்குப் பேசியிருக்கற உத்திராபதிக்கு மண்ணெண்ண மண்டிதானே? மூத்த தாரம் காலராவுல போயிட்டா, பாவம்னு உங்ககிட்ட கண்ணத் தொடச்சிக்கிட்டுச் சொன்னாரே தரகு பேச வந்த சுப்புராயன், அவந்தான் எங்கண்ணன்.

செத்துப்போயிட்டான்னு அவன் சொன்னது என்னத்தான்க்கா.