பிறைக் கணக்கு

நோயாளிக்குப் பழக்கமான நாட்கணக்கில்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி விதி உண்டு. உத்தியோகத்தில் இருந்தபோது அதன் நகலை ஜில்லா முழுக்க அனுப்பியவன் நான். யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

பாம்பன் போகும் ரயிலில் எதிரே ஓர் அக்காளும் தம்பியும் தகப்பனாரைப் பற்றிப் பேசியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தாவுக்கு மறதி முத்திப்போச்சாம், லாத்தா. ஆராய்ச்சிக்கு வந்த புது மருந்து ஆரம்பத்துல இருக்கவுகளுக்குத்தானாம்" என்றான் தம்பி.

"இன்னைக்கு என்ன தேதின்னு கேட்டா, தோணி ஓட்டுன மனுசன் பிறையத்தான சொல்லுவாரு? பிறை அஞ்சுன்னாரு. டாக்டரு தப்புன்னு போட்டுட்டாரு. அவருக்குப் பிறை தெரியாட்டி அத்தாவா பொறுப்பு? மறுபடி கேக்கச் சொல்லி மனு எழுதுடா."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அன்னைக்குப் பிறை பதினொண்ணு, லாத்தா."



"அத மனுவுல எழுதாத" என்றாள்.

சில மாதம் கழித்து அதே ரயிலில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தாவ மறுபடி கூட்டிட்டு வரச் சொல்லி எழுதிட்டாக."

"பதிலு எப்ப வந்துச்சு?"

"அத்தா என்னப் பாத்து, நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டாருல்ல, அன்னைக்குத்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள்."